ருசி ஓட்டில் இருக்கிறது

ஓட்டல் மேலாண்மையும் சமையற்கலையும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

கான்டினென்டல் பிரிவில் வேலைக்குச் சேரும் எவர் கைக்கும் சீக்கிரமே வந்து சேரும் ஓர் உணவைப் பற்றி எழுதுகிறேன். பூண்டும் வெள்ளை ஒயினும் சேர்த்து இறாலைச் சமைத்து, பாஸ்தாவோடு புரட்டிப் பரிமாறுவது. மெனுவில் ஷ்ரிம்ப் ஸ்கேம்பி என்று இருக்கும். சில இடங்களில் பிரான் லிங்க்வினி என்று இருக்கும். எண்ணெய், பூண்டு, மிளகாய், இறால், ஒயின், வெண்ணெய், பாஸ்தா. பொருள்கள் அவ்வளவுதான். மசாலாவோ தக்காளியோ க்ரீமோ வந்து காப்பாற்றாத உணவு என்பதால், சமைத்தவரின் கை இதில் அப்படியே தெரிந்துவிடும்.

இதில் இரண்டு குறைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உரித்த இறாலின் ஓடும் தலையும் குப்பைத் தொட்டியில் குவிந்து கிடக்கின்றன. தட்டிலோ ரப்பராகச் சுருண்ட இறாலும், வெண்ணெய் மிதக்கும் தண்ணீரும் இருக்கின்றன. இவை இரண்டு தவறுகள் போலத் தெரியும், அடிப்படையில் ஒன்றுதான். சாற்றில் இறால் வாசம் வரவேண்டும் என்று சதையைப் போட்டுக் கொதிக்க விடுகிறோம். வாசம் வருவதற்குள் சதை செத்துவிடுகிறது. சாற்றுக்கு ருசி கொடுப்பது ஓட்டின் வேலை. பல்லுக்கு இதமாக இருப்பது சதையின் வேலை. இரண்டையும் சதையிடமே கேட்டால் இரண்டும் கிடைக்காது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த உணவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், ஒவ்வொரு பொருளும் ஏன் இருக்கிறது என்பது விளங்கும். இத்தாலியின் கிழக்கே ஏட்ரியாட்டிக் கடலில் ஸ்கேம்பி என்ற உயிரினம் கிடைக்கிறது. பார்க்கச் சிறிய சிங்கி இறாலைப் போல இருக்கும், நீண்ட கொடுக்குகள் உண்டு. வெனிஸ் பக்கத்தில் அதை ஆலிவ் எண்ணெய், பூண்டு, வெள்ளை ஒயின் சேர்த்துச் சமைப்பார்கள். 1880க்கும் 1924க்கும் இடையில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவில் குடியேறினார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலிக்காரர்கள். அங்கே கையில் கிடைத்தது சாதாரண இறால். அதே முறையை இறாலுக்குப் பயன்படுத்தினார்கள், பழைய பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது. வெண்ணெய் தாராளமாகக் கிடைத்த நாடு, அதுவும் சட்டிக்குள் வந்தது. 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு இருந்த காலத்திலும், வீட்டு உபயோகத்துக்குப் பழச்சாறு புளிக்கவைப்பதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது ஏறக்குறைய 750 லிட்டர். பல இத்தாலிய வீடுகளின் நிலவறையில் ஒயின் பீப்பாய் இருந்தது. சமையலறையில் தண்ணீருக்கு அடுத்து எளிதில் கை எட்டிய திரவம் அதுதான். ஆடம்பரத்துக்காக யாரும் இதில் ஒயின் ஊற்றவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஓட்டுக்கு வருகிறேன். உயிரோடு இருக்கும் இறால் சாம்பல் நிறமாகவோ நீலம் கலந்தோ இருக்கிறது. சூடு பட்டதும் செம்மஞ்சளாகிறது. அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி அதன் உடலில் ஒரு புரதத்தோடு பிணைந்து கிடப்பதால் பச்சையில் அந்த நிறம் தெரிவதில்லை. சூட்டில் புரதம் குலைந்ததும் நிறமி விடுபடுகிறது. இந்த நிறமி கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகவே ஓட்டை வெறும் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் மங்கலான சாறுதான் கிடைக்கும். எண்ணெயில் வறுத்தால் எண்ணெயே செம்மஞ்சளாக மாறும், ஓடு வறுபடும் மணமும் அதில் இறங்கும். தலையில் உள்ள ஈரல்கணையப் பகுதிதான் இறாலிலேயே ருசி கூடிய இடம். கடற்கரை ஊர்களில் தலையோடு இறாலைக் குழம்பில் போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. வீட்டில் தெரிந்ததை வெள்ளைத் தொப்பி போட்டதும் மறந்துவிடாதீர்கள்.

நான்கு பேருக்கு, ஓடும் தலையும் உள்ள இறால் முக்கால் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். உரித்து, முதுகுக் குடலை நீக்கிச் சதையைக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு ஸ்டீல் பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, ஓடுகளையும் தலைகளையும் போட்டு மிதமான தீயில் ஐந்து நிமிடம் வறுங்கள். தலைகளை மரக்கரண்டியால் அழுத்தி நசுக்குங்கள். தட்டிய பூண்டு ஒரு பல், பார்ஸ்லி தண்டு நான்கைந்து. ஒயினில் பாதியை இப்போது ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கரைத்துச் சுண்டவிடுங்கள். பிறகு ஓடு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, பதினைந்து நிமிடம் மெல்லக் கொதித்ததும் அழுத்தி வடிகட்டுங்கள். ஒரு கோப்பைக்குக் குறையாமல் சாறு வரும். மேலே செம்மஞ்சள் எண்ணெய் மிதக்கும். அதை எடுத்துவிடாதீர்கள், இந்த உணவின் நிறமும் மணமும் அதில்தான் இருக்கின்றன. ஃபுட் காஸ்ட் கணக்குப் போடும்போது ஓட்டைக் கழிவுப் பத்தியில் எழுதக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். இந்தச் சாற்றை ஒருமுறை காய்ச்சிய பிறகு அந்தப் பத்தியில் அதை எழுத மனம் வராது.

பூண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறேழு பல்லை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஆறிய எண்ணெயில் போட்டு, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். சூடான எண்ணெயில் போட்டால் உள்ளே வேகும் முன்பே விளிம்பு கருகிக் கசக்கும். அந்தக் கசப்பை எதுவும் மறைக்காது. வைக்கோல் நிறம் தொட்டதும் போதும். கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் இரண்டு பல் குறைத்துக்கொள்ளுங்கள், அதன் காரம் அதிகம். இஞ்சி பூண்டு விழுது வாளியை இந்த அடுப்புப் பக்கம் கொண்டுவரக் கூடாது.

ஒயினில்தான் மாணவர்களுக்கு மிகுதியான குழப்பம் இருக்கிறது. வெள்ளை ஒயின் புளிப்பான பொருள். அதன் பி.எச். அளவு பெரும்பாலும் 3க்கும் 3.4க்கும் இடையில் இருக்கும். வெண்ணெயும் எண்ணெயும் நாக்கில் படிந்து திகட்டும் இந்த உணவில் அந்தப் புளிப்புத்தான் நாக்கைத் துடைத்துவிடுகிறது. தண்ணீரில் கரையாத சில மணங்கள் ஒயினில் உள்ள ஆல்கஹாலில் கரையும் என்பது இன்னொரு பயன். வினிகரின் புளிப்பு வேறு மாதிரி, மூக்கில் ஏறும். ஒயின் இல்லையென்றால் எலுமிச்சையிடம் போங்கள், வினிகரிடம் போகாதீர்கள்.

எந்த ஒயின்? இனிப்பில்லாதது, ஓக் பீப்பாயில் வைக்காதது. பினோ கிரீஜோ, சோவாவே, வெர்மெந்தீனோ, சோவிஞான் பிளாங்க் எல்லாம் பொருந்தும். நாசிக்கில் தயாராகும் சோவிஞான் பிளாங்க் நம் சமையலறைக்குப் போதுமானது. செனின் பிளாங்க் வாங்குவதானால் கவனம் தேவை. நம் நாட்டில் விற்கும் பலவற்றில் லேசான இனிப்பு இருக்கும், சுண்டச் சுண்ட அது தூக்கலாகத் தெரியும். ஓக் வாசமும் அப்படித்தான், சுண்டியதும் கசக்கும். குக்கிங் ஒயின் என்று பெயரிட்டு வருபவற்றில் உப்புச் சேர்த்திருப்பார்கள், வேண்டாம். பாரில் முந்தின நாள் திறந்து குளிர்பெட்டியில் இருக்கும் பாட்டிலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் செய்யாதீர்கள், புளிப்புப் பட்டால் உலோக வாசம் வரும். நான்கு பேருக்கு 150 மில்லி போதும். அதற்கு மேல் ஊற்றினால் சுண்டவைக்க நேரம் பிடிக்கும், இறால் காத்திருக்காது.

ஒயினை ஊற்றியதும் பேனைச் சாய்த்துத் தீயை எழுப்பிக் காட்டுவது உங்களில் பலருக்கு ஆசை. அப்படி எரித்தால் ஆல்கஹால் முழுவதும் போய்விடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அது உண்மையில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட அட்டவணைப்படி, தீயெழுப்பி எரித்த உணவில் ஆல்கஹாலில் ஏறத்தாழ 75 சதவீதம் மிஞ்சுகிறது. கலந்து பதினைந்து நிமிடம் வேகவைத்தால் 40 சதவீதம், இரண்டரை மணி நேரம் வேகவைத்தால்கூட 5 சதவீதம். பாத்திரத்தின் அகலத்தையும் தீயையும் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் பத்து நிமிடச் சமையலில் பூஜ்யம் ஆகவே ஆகாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது மடலின் கடைசியில் விளங்கும்.

இறால் வாங்குவது தனிப் பாடம். உங்கள் ஸ்டோருக்கு வரும் பெட்டியில் 16/20, 21/25 என்று எழுதியிருக்கும். ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு, எத்தனை இறால் நிற்கும் என்ற கணக்கு அது. எண் சிறிதானால் இறால் பெரிது. இந்த உணவுக்கு 16/20 அல்லது 21/25 சரி. அதைவிடச் சிறிதாக இருந்தால் நிறம் பிடிப்பதற்குள் வெந்துபோகும். உறைய வைத்த இறாலில் சில நிறுவனங்கள் பாஸ்பேட் உப்புச் சேர்த்து நீரைப் பிடித்து வைக்கின்றன. பேனில் போட்டதும் அது தண்ணீர் விடும், இறால் வறுபடாமல் அவியும். பெட்டியில் எழுதியிருக்கும் சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் அந்த 61 நாள்களில் கடல் இறால் வரத்து சுருங்கிவிடும், பண்ணை இறாலைத்தான் நம்பவேண்டும். பண்ணை இறால் என்றால் இன்று பெரும்பாலும் வன்னாமி. லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சொந்த ஊராகக் கொண்ட அந்த இனத்தை இந்தியாவில் வளர்க்க 2009இல் அனுமதி கிடைத்தது. அதன்பின் ஆந்திரமும் அதற்கு அடுத்தடுத்த கரைகளும் அதை வளர்த்துக் குவித்தன. அமெரிக்காவுக்கு மிகுதியாக இறால் அனுப்பும் நாடாக இந்தியா பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. நியூயார்க்கிலோ நியூஜெர்சியிலோ ஒரு மேசைக்கு வரும் ஸ்கேம்பியில் இருப்பது வங்கக் கடலோரத்துக் குளத்தில் வளர்ந்த இறாலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இந்த இறாலுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது, சமையல் பாடப்புத்தகத்தில் அது வராது. 1990களில் கடலோர வயல்களுக்கு நடுவே இறால் பண்ணைகள் பெருகி, நிலத்தடி நீர் உப்பானபோது, தமிழகத்தின் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த, மரபுவழி அல்லாத பண்ணைகளை அகற்றும்படி 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2005இல் தனிச் சட்டம் இயற்றி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தை அரசு அமைத்தது. பண்ணைகள் எழுப்பிய கேள்விகள் அத்தோடு முடிந்துவிடவில்லை. பொருள் எங்கிருந்து வந்தது, பதிவு பெற்ற பண்ணையா என்று சப்ளையரிடம் கேட்கும் பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள். அப்படி வந்த பொருளை ரப்பராக்கி, பாதி தட்டோடு திரும்பி வருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

சதையை எப்படி வேகவைப்பது? சமைப்பதற்கு அரை மணி நேரம் முன்பு, அரை கிலோ சதைக்கு ஒரு தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் பிசிறிக் குளிர்பெட்டியில் வையுங்கள். சோடா காரத்தன்மையைக் கூட்டுவதால் வெந்த பிறகும் சதை நீரைப் பிடித்துக்கொண்டு மொறுமொறுவென்று கடிபடும். காலையில் கரைக்கு வந்த இறாலுக்கு இது தேவையில்லை, உறைந்ததற்கு மட்டும். சமைக்கும் முன் துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு போட்டால் பேனின் சூடு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும்.

அகன்ற பேனில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் இறாலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம், திருப்பிப் போட்டு அரை நிமிடம். நடுவில் கொஞ்சம் கண்ணாடி போலத் தெரியும்போதே தட்டுக்கு மாற்றிவிடுங்கள். எடுத்து வைத்த பிறகும் உள்ளிருக்கும் சூட்டில் அது வெந்துகொண்டே இருக்கும். கடைசியில் சாற்றில் அரை நிமிடம் திரும்பப் போகவும் போகிறது. முழுதாக வெந்ததற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸ். பரிமாறும் நேரத்தில் அந்த அளவை எட்டினால் போதும். இறால் லேசாக வளைந்திருந்தால் சரி. தலையும் வாலும் தொட்டு வட்டமாகச் சுருண்டால் கடந்துபோய்விட்டது.

இறாலை எடுத்த அதே பேனில் தீயைத் தணித்து, கொஞ்சம் ஆறவிட்டு, புது எண்ணெயும் பூண்டும் மிளகாய்த் துகளும் போடுங்கள். பூண்டு வாசம் எழுந்ததும் மிச்ச ஒயின். பச்சை வாசம் போய் மூன்றில் ஒரு பங்காகும்வரை சுண்டட்டும். பிறகு ஓட்டுச்சாறு. அது பாதியாகும் நேரத்தில் பாஸ்தா தயாராக இருக்கவேண்டும். நான்கு பேருக்கு 360 கிராம் லிங்க்வினி அல்லது ஸ்பெகெட்டி. புத்தகங்கள் சொல்வதைவிடக் குறைந்த தண்ணீரில் வேகவையுங்கள், மாவுச்சத்து அடர்த்தியாக அதில் இறங்கும். சாறு சுண்டும்போது உப்பு ஏறும், நம் ஊர் மேசை வெண்ணெயிலும் உப்பு உண்டு. ஆகவே உப்பில்லாத வெண்ணெயாகக் கேட்டு வாங்குங்கள்.

பாக்கெட்டில் உள்ள நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பாகவே பாஸ்தாவை எடுத்து, வடித்து வைக்காமல் நேரே பேனில் போடுங்கள். வேகவைத்த நீர் ஒரு கரண்டி விட்டு, பலமான தீயில் புரட்டுங்கள். மீதி வேக்காட்டை அது சாற்றிலேயே முடித்துக்கொள்ளும். அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகள் 40 கிராம் போட்டுக் குலுக்குங்கள். மாவுச்சத்தும் வெண்ணெயும் கூடி, சாறு பால்போலத் திரண்டு ஒவ்வோர் இழையிலும் ஒட்டும். வெண்ணெய் போட்ட பிறகு கொதித்தால் பிரிந்துவிடும். நீங்கள் அடிக்கடி பார்க்கும் அந்த மிதக்கும் எண்ணெய் அப்படி வந்ததுதான். இறாலையும் அது விட்டிருக்கும் சாற்றையும் சேர்த்து, எலுமிச்சைத் தோல் துருவல், சில சொட்டுச் சாறு, நறுக்கிய பார்ஸ்லி தூவிச் சூடான தட்டில் பரிமாறுங்கள். சீஸ் வேண்டாம். கடலுணவு பாஸ்தாவில் சீஸ் சேர்ப்பதில்லை என்பது இத்தாலியில் பரவலான வழக்கம், இவ்வளவு மென்மையான சாற்றை அது அமுக்கிவிடும் என்பது என் அனுபவமும். விருந்தாளி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். இதை பஃபேயில் வைக்காதீர்கள். சேஃபிங் டிஷ்ஷில் பத்து நிமிடம் இருந்தால் இறால் கட்டியாகும், பாஸ்தா சாற்றைக் குடித்து ஊதும், வெண்ணெய் பிரியும். பாங்க்வெட் மெனுவில் யாராவது இதைச் சேர்த்தால், நேரடி அடுப்பு வைத்து ஆர்டருக்கு ஆர்டர் செய்து தருகிறோம் என்று சொல்லுங்கள். ஓட்டுச்சாறு முன்பே காய்ச்சி இருந்தால் ஒரு தட்டுக்கு ஆறேழு நிமிடம்தான்.

விருந்தாளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெனுவில் ஒயின் என்ற சொல் இருக்கவேண்டும், ஆர்டர் எடுப்பவர் வாயாலும் சொல்லவேண்டும். மார்க்கத்தின் காரணமாக மதுவைத் தொடாதவர்கள், குடியை விட்டு மீண்டவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் உங்கள் மேசைக்கு வருவார்கள். எல்லாம் ஆவியாகிவிட்டது என்று சொல்லி அவர்களுக்குக் கொடுப்பது பொய். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இதே அக்கறை வேண்டும். ஒவ்வாமையைத் தூண்டும் டிரோப்போமயோசின் என்ற புரதம் கொதித்தாலும் அழியாது, ஓட்டுச்சாற்றிலும் இருக்கும். இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே பாஸ்தாவைக் கொடுக்கவே கூடாது. வேறு பேன், வேறு இடுக்கி.

ஒயின் வேண்டாதவருக்கு ஓட்டை வறுத்துத் தண்ணீரில் மட்டும் சாறு காய்ச்சுங்கள். ஒயினின் இடத்தில் பழுக்காத திராட்சையைப் பிழிந்த சாறு, கிடைக்காவிட்டால் ஒரு எலுமிச்சை. பழுக்காத திராட்சைச் சாற்றில் ஒயினில் உள்ள அதே டார்டாரிக் அமிலம் இருப்பதால் ருசி வெகுவாகக் கிட்ட வரும். நன்றாகவே இருக்கும். அதை மெனுவில் தனிப் பெயரில், தனி வரியில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பே இந்த அடுப்பில் நின்ற ஒருவர்